கால் நிரந்தரம்... வேலை தற்காலிகம்!

பாத வைத்தியம் கற்றவர்கள் பதவி தேடி அலையும் கதை
கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் போட்ட வழி

கொல்லிமலை பைல் நாட்டில் மிளகுக் கொடி பறிக்கப் போகிறவர் காலில் முள் ஏறினால் என்ன செய்வார்? "ஆத்தாடி" என்பார். அங்கேயே உட்கார்ந்து பிடுங்கி எறிவார். எச்சில் தொட்டு வைத்துவிட்டு எழுந்து நடப்பார். அவ்வளவுதான்.

வலித்தது, பிடுங்கினார்.

வலிக்கவே இல்லை என்றால்?

பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. காலில் உணர்ச்சி செத்துவிட்டது. முள் ஏறியதே தெரியாது. அன்று முழுக்க அந்த முள்ளோடு நடப்பார். மறுநாளும் நடப்பார். ஒரு வாரம் கழித்து வீட்டில் யாராவது "என்னங்க, கால்ல நாத்தம் வருது?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் சீழ் எலும்பைத் தொட்டிருக்கும். செம்மேடு ஆஸ்பத்திரி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல், அதையும் தாண்டிச் சேலம் என்று அலைந்த பிறகு, "விரலை எடுக்கணும்" என்பார்கள். சிலருக்கு விரலோடு நிற்காது.

மலையில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாரிமுனையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்கிறவருக்கும், தாம்பரத்தில் ரயில் ஏறி ஆபீசுக்கு ஓடுகிற குமாஸ்தாவுக்கும் இதே கதைதான். பைக் சைலன்சர் சுட்டுக் கொப்புளம் வந்ததே தெரியாதவர்கள், கோயில் பிரகாரத்தில் உச்சி வெயிலில் வலம் வந்து பாதம் வெந்து போனவர்கள், ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தக் காலைப் புண் வருவதற்கு முன்பே பார்த்துக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதைச் செய்கிறவருக்குப் பொடியாட்ரிஸ்டு என்று பெயர். பேரைக் கேட்டு மூக்குப் பொடி விற்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாத வைத்தியர்!

அப்படி ஒருவருக்கு நம்ம ஊரில் வேலை கிடைக்குமா? தற்காலிகமாகவாவது கிடைக்குமா? நிரந்தரமாகக் கிடைக்குமா?

நைலான் நரம்பு வித்தை

முதலில் வேலை என்ன என்று பார்க்கலாம்.

ஒரு கைப்பிடி. அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் துண்டு. சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுத்தால் அது வளையும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் பல இடங்களில் அதை வைத்து வளையும் வரை அழுத்துவார்கள். "தெரியுதா?" "தெரியுது." "இங்கே?" பதில் வராது. பதில் வராத இடம்தான் ஆபத்தான இடம்.

பிறகு காலில் ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். கெட்டித்துப்போன காய்ப்பைப் பதமாகச் சீவி எடுப்பார்கள். நகத்தை நேராக வெட்டுவார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார்கள். காலை எந்த இடம் அழுத்துகிறது என்று செருப்பே காட்டிக் கொடுத்துவிடும். போலீஸ்காரர் தடயம் பார்ப்பது மாதிரிதான்.

"இதுக்கெல்லாம் ஒரு டாக்டரா? காலாணியை நானே பிளேடால சீவிக்குவேன்" என்பவர்கள் அதிகம். உணர்ச்சியுள்ள கால் என்றால் சரி, வலித்தால் கை தானாக நிற்கும். உணர்ச்சி இல்லாத காலில் பிளேடு எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது? கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டரும் அப்படித்தான். ஆணியோடு சேர்த்து நல்ல தோலையும் அரித்துவிடும். வெந்நீர் ஒத்தடம் அதைவிட மோசம். சூடு தெரியாத காலுக்கு வெந்நீர் வைத்துத் தோல் உரிந்தவர்களைச் சர்க்கரை ஆஸ்பத்திரிகள் பார்த்துக் கொண்டுதான் இருக்கின்றன.

சர்க்கரை நோயால் கால் எடுக்கப்படுகிற 100 பேரில் 85 பேர் வரை முதலில் வந்தது ஒரு சின்னப் புண்தான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு கால். கணக்குப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பதவிக்குத்தான்.

மலையில் வளர்ந்த பையன்

இந்தத் தொழிலின் வேர் ஒன்று லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை, இதே கொல்லிமலையில் இருக்கிறது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தம்பதி. கொல்லிமலை வாழவந்தியில் குடியிருந்து ஊழியம் செய்தவர்கள். அவர்களுக்கு 1914 ஜூலை 17-ல் பிறந்த பையன்தான் பால் பிராண்ட். மலைப் பிள்ளைகளோடு பிள்ளையாக வெறுங்காலில் ஓடி, மரம் ஏறி வளர்ந்தவர்.

ஒரு நாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மூவருக்கும் தொழுநோய். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அப்பா கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவர்கள் காலைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். சின்னப் பையன் அதைப் பார்த்துக் கொண்டே இருந்தான். அப்பா முகத்தில் வழக்கமாக இருக்கிற தைரியம் அன்று இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு அவ்வளவு பயம்.

1923-ல் பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா மலைக்காய்ச்சல் முற்றிக் கொல்லிமலையிலேயே இறந்து போனார். மகன் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

பையன் உடனே டாக்டருக்குப் படிக்கவில்லை. கட்டட வேலைக்குப் போனார்! தச்சு வேலை, கல் வேலை எல்லாம் கற்றார். மருத்துவம் பிறகுதான். அந்தத் தச்சு வேலை வீண் போகவில்லை என்பது வேலூரில் தெரிந்தது.

பூனை வாங்கிக் கொடுத்த டாக்டர்

1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார் பிராண்ட். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே டாக்டர் காக்ரேன் பொறுப்பில் இருந்தார். மடங்கிப் போன கையோடு இருந்த ஒருவரிடம் தன் கையைப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிர் போய்விட்டது. இவ்வளவு பலம் இருக்கிற கையா உதவாத கை? கேள்வி அங்கே பிறந்தது.

அப்போதெல்லாம் தொழுநோய் வந்தால் கைகால் தானாக அழுகி விழும் என்றுதான் படித்தவர்களும் நம்பினார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் துப்புத் துலக்குகிற மாதிரி ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தைத் தொட்டது ஒரு புண். ஆணி ஏறியது ஒரு புண். சரியில்லாத செருப்பு ஒரு புண். ராத்திரி படுக்கப் போகும்போது இருந்த விரல் நுனி காலையில் காணோமே, அது எப்படி? காவல் இருந்து பார்த்தால்... எலி! வலி தெரியாததால் எலி கடித்தும் தூக்கம் கலையவில்லை. வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு மருந்தோடு ஆளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

ஆக, காலைத் தின்றது நோய்க் கிருமி நேராக அல்ல. வலி தெரியாமல் போனதுதான் காரணம்.

அப்படியானால் வைத்தியம் என்ன? புண்பட்ட காலுக்கு ஓய்வு. அதற்கு மாவுக்கட்டு. ஆறிய காலுக்குப் பாதுகாப்பு. அதற்குச் செருப்பு! மரக்கட்டைச் செருப்பு, பிளாஸ்டிக் என்று பலதையும் செய்து பார்த்தார்கள். தச்சு வேலை தெரிந்த டாக்டர் அல்லவா! கடைசியில் கைகொடுத்தது மெத்தென்ற நுண்ணறை ரப்பர். இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் "எம்.சி.ஆர். செருப்பு" என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதுதான். வேலூர் பக்கத்தில் காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டரும், பிசியோதெரபி உதவியாளரும், செருப்பு தைக்கிற தொழிலாளியும் ஒரே காலைச் சுற்றி நின்று வேலை பார்த்தார்கள்.

பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு ராத்திரி காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். தெரியவில்லை. நமக்கும் வந்துவிட்டதே என்று இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீர் என்றது! நீண்ட ரயில் பயணத்தில் நரம்பு அமுங்கி மரத்துப் போயிருந்ததுதான் விஷயம். வலித்ததற்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர்.

1966-ல் அமெரிக்கா போனார். லூசியானா மாநிலம் கார்வில் என்ற ஊரில் தொழுநோய் ஆஸ்பத்திரி. அங்கே பார்த்தால், சர்க்கரை நோயாளிகள் காலில் அதே புண், அதே இடத்தில்! வேலூரில் கற்ற மாவுக்கட்டும் செருப்பும் அங்கே சர்க்கரைக் கால்களைக் காப்பாற்றின. நைலான் நரம்புச் சோதனை ஆஸ்பத்திரி தோறும் பரவியதில் கார்வில்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிராண்ட் 2003-ல் மறைந்தார். அம்மா ஈவ்லின் கடைசி வரை மலைக்காரர்களோடு இருந்து 1974-ல் 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பின்வாசல் வழியாக...

இனி வேலை விஷயம்.

இங்கிலாந்தில் இது தனிப் பட்டப்படிப்பு. பதிவு பெறாமல் அந்தப் பட்டப் பெயரைப் போட்டுக் கொண்டால் குற்றம். அமெரிக்காவில் பட்டத்துக்கு மேல் 4 ஆண்டு படித்து, அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் 3 ஆண்டு பயிற்சி. அங்கெல்லாம் லீவில் போகிற ஆளுக்குப் பதிலாக வேலை பார்க்கிற தற்காலிக உத்தியோகமும் தாராளமாகக் கிடைக்கும்.

இங்கே? நேர் வாசல் கிடையாது. பின்வாசல்தான்.

முதல் வாசல், எம்.பி.பி.எஸ். முடித்து அறுவை மருத்துவரான பிறகு சர்க்கரைக் காலில் தனிப் பயிற்சி எடுப்பது. கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரியிலும், பெங்களூரில் கர்நாடக அரசின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவ நிறுவனத்திலும் பாத மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சென்னை ராயபுரம் எம்.விஸ்வநாதன் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரி கால் பராமரிப்பில் பல்லாண்டு அனுபவம் உள்ள இடம்.

இரண்டாவது வாசல் பிசியோதெரபி படித்தவர்களுக்கு. மூன்றாவது வாசல் நர்சுகளுக்கு. 2004-ஐ ஒட்டி இந்தியாவில் நடந்த ஒரு பயிற்சித் திட்டத்தில் டாக்டர் ஒருவர், நர்சு ஒருவர் என்று ஜோடி ஜோடியாகவே சேர்த்துக் கால் பராமரிப்பு சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காய்ப்புச் சீவுவது, கட்டுப் போடுவது, நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கையில்தான்.

நாலாவது வாசல் செயற்கைக் கால், தாங்கு கருவி செய்கிற படிப்பு. இதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு. ஐந்தாவது, செருப்பு. கிண்டியில் மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பில் ஆராய்ச்சி செய்திருக்கிறது. செருப்பு தைக்கத் தெரிந்த கைக்கு ஆஸ்பத்திரியில் மரியாதையான இடம் உண்டு என்பது ஊரில் பலருக்குத் தெரிவதில்லை.

இவர்கள் யாருக்கும் உத்தரவில் "பாத வைத்தியர்" என்று பெயர் வராது. பிசியோதெரபிஸ்டு என்று வரும், ஸ்டாஃப் நர்சு என்று வரும், டெக்னீஷியன் என்று வரும். செய்கிற வேலை மட்டும் கால் வேலை! தனியார் ஆஸ்பத்திரி என்றால் சம்பளம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. கால் பிரிவை மூடிவிட்டால் ஆளை வேறு வார்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.

சட்டத்தில் பெயர் வந்துவிட்டது என்பது ஒரு ஆறுதல். 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பொடியாட்ரிஸ்டு என்ற பெயர் இருக்கிறது. எங்கே? "இதர" பராமரிப்புத் தொழிலர் என்ற தலைப்புக்குக் கீழே. இந்தச் சட்டப்படி நலவாழ்வுத் தொழிலர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். துணைத் தொழிலர் என்றால் 2,000 மணி நேரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூணு மாசச் சான்றிதழ் கொடுத்து "லண்டன்ல பாத டாக்டர் வேலை ரெடி" என்று யாராவது முன்பணம் கேட்டால், பர்ஸை எடுக்க வேண்டாம். அங்கே பட்டப்படிப்பும் பதிவும் இல்லாமல் வேலை நடக்காது. ஏஜெண்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்பதையும் முதலில் விசாரித்துக் கொள்வது நல்லது. ஏமாந்த பிறகு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்காருகிற வாலிபர்கள் எண்ணிக்கை இந்த நகரத்தில் ஏற்கெனவே அதிகம்.

11 மாத உத்தியோகம்

சர்க்கார் வேலை? நிரந்தரம் என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போடுகிற விளம்பரத்தைப் பார்த்து, பிசியோதெரபிஸ்டு, நர்சு மாதிரியான பதவிகளுக்குத்தான் மனுப் போட வேண்டும். பாதம் என்ற சொல்லைத் தேடினால் கண் வலிதான் மிச்சம்.

தற்காலிகம் என்றால் மாவட்ட நலவாழ்வுச் சங்கம். கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் விளம்பரம் வரும். தொகுப்பூதியம். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். கீழே மறக்காமல் ஒரு வரி: பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது. சிலவற்றில் அப்படிக் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக் கொள்வதும் உண்டு.

வீடு தேடிப் போகிற "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்புப் பார்ப்பதோடு பிசியோதெரபியும் அதில் சேர்ந்தது. "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயரிலேயே தமிழக அரசு ஒரு திட்டமும் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை நோயாளியின் காலைப் பார்த்து, கால் எடுக்கும் நிலைக்குப் போகாமல் தடுப்பதுதான் நோக்கம். நல்ல காரியம். கொல்லிமலை மாதிரி இடத்துக்கு ரொம்பவே தேவை. நைலான் நரம்பு வாங்கப் பெரிய செலவும் இல்லை. ஆள்தான் வேண்டும்.

பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. தொழுநோய்ப் பணிக்கென்று கிராமம் கிராமமாகப் போய்க் காலைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஊழியர்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் நிறைய இருந்தார்கள். கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. நோய் குறைந்தது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியதாக அறிவித்தார்கள். தனிப் பணி பொது சுகாதாரத்தோடு கலந்துவிட்டது. கால் பார்க்கத் தெரிந்த கைகள் ஓய்வு பெற்றுப் போன அதே காலத்தில்தான் சர்க்கரை வீட்டுக்கு வீடு நுழைந்தது!

தற்காலிக வேலையில் என்ன குறை, சம்பளம் வருதில்ல என்று கேட்கலாம். வேலை பார்க்கிறவர் குறை ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளி பக்கம் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆறிய சர்க்கரைப் புண் அதோடு போய்விடுவதில்லை. 100 பேரில் சுமார் 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வருகிறது. பாதுகாப்புச் செருப்பும் தேயும், அழுந்தித் தட்டையாகிவிடும், மறுபடி அளவு எடுக்க வேண்டும். அதாவது அந்தக் காலை உயிர் உள்ளவரை ஒருவர் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். ஒப்பந்தமோ 11 மாதம்!

பைல் நாட்டுக்காரர் பஸ் பிடித்து இறங்கி வந்து, "போன தடவை கால் பார்த்த தம்பி எங்கே?" என்று கேட்டால், தம்பி வேறு மாவட்டத்தில் வேறு விளம்பரத்துக்கு மனு எழுதிக் கொண்டிருப்பார். புது ஆள் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அதனால் சர்க்கரைக் கால் உள்ளவர்கள் செருப்பு அளவுச் சீட்டையும், எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று குறித்த தாளையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக் கொள்வது நல்லது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்துக் கொள்ளலாம். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட வேண்டும்.